குடும்பத்தோடு பார்க்கப் படம் தேர்ந்தெடுப்பது எப்படி: கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

சென்ற ஆண்டு முழுப்பரீட்சை விடுமுறையில் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து நாங்கள் ஐந்து பேர் புதுச்சேரிக்குப் படம் பார்க்கச் சென்றோம். நான், என் கணவர், 72 வயதான மாமியார், 14 வயது மகன், 8 வயது மகள். சுவரொட்டியில் ஊர்த் தேர் இருந்தது, ஒரு பாட்டி பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டிருந்தார், நடுவில் கதாநாயகன் வேட்டி கட்டி நின்றிருந்தார். அதை மட்டும் பார்த்துவிட்டு, கிராமத்துக் குடும்பக் கதை என்று நானே முடிவு செய்து டிக்கெட் எடுத்தேன். படம் தொடங்கி நாற்பது நிமிடம் ஆவதற்குள் ஒருவரின் கழுத்தை அறுக்கும் காட்சி திரை முழுவதும் வந்தது. மகள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாமியார், "எழுந்திரும்மா, போலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தே விட்டார். இடைவேளைக்கு முன்பே வெளியே வந்துவிட்டோம்.

டிக்கெட், முன்பதிவுக் கட்டணம், போக வரப் பேருந்து, உள்ளே வாங்கிய தின்பண்டம் எல்லாம் சேர்த்து அன்று 1,600 ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. பணம் போனதுகூடப் பெரிதில்லை. அடுத்த இரண்டு வாரங்கள் மகள் இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. பிறகு ஒருநாள் கைப்பேசியில் இருந்த டிக்கெட்டைத் திறந்து பார்த்தபோது, படத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே 'யுஏ 16+' என்று போட்டிருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் அதற்கு என்ன பொருள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு, படம் தேர்ந்தெடுப்பதற்கென்று ஒரு முறையைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவாக்கிக்கொண்டேன். பழகிவிட்டால் ஒரு படத்துக்கு அரை மணி நேரம் போதும். சிறு குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் படம் பார்க்க விரும்பும் குடும்பத்தினர், குறிப்பாக இப்போதுதான் குழந்தைகளைத் திரையரங்குக்கு அழைத்துச் செல்லத் தொடங்கியிருக்கும் இளம் பெற்றோர், இதை வரிசையாகப் பின்பற்றிப் பாருங்கள்.

1. யார் யார் பார்க்கப் போகிறார்கள் என்று முதலில் எழுதுங்கள்

படத்தைத் தேடுவதற்கு முன்பு ஒரு தாளை எடுத்து, உடன் பார்க்கப் போகிறவர்களின் பெயர்களையும் வயதையும், ஒவ்வொருவருக்கும் எது தாங்காது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். 'நல்ல படம்' என்று பொதுவாகத் தேடினால் எதுவும் பிடிபடாது. இந்தத் தாள் கையில் இருந்தால் கேள்வி தெளிவாகிவிடும். எங்கள் தாளில் இருப்பதைச் சொல்கிறேன். மகளுக்கு இரத்தமும் தாய் இறக்கும் காட்சியும் தாங்காது. மாமனார் மருத்துவமனையில் நீண்ட நாள் இருந்து காலமானவர் என்பதால், மாமியாருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவைக் காட்டும் காட்சிகள் தாங்காது. மகனுக்குச் சண்டைக் காட்சிகளால் பயம் எதுவும் இல்லை. ஆனால் ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நெருக்கமான காதல் காட்சியைப் பார்ப்பது அவனுக்குப் பெரும் சங்கடம். அவன் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விடுவான்.

அளவுகோலாகக் கொள்ள வேண்டியது, விழித்திருந்து பார்க்கப் போகிறவர்களில் மிகவும் சிறியவரை. மூத்த பிள்ளைக்கு ஏற்ற படத்தை எடுத்துவிட்டு, 'சின்னவள் தூங்கிவிடுவாள்' என்று எண்ணுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிற பிழை. அவள் தூங்குவதில்லை.

2. தணிக்கைச் சான்றிதழைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

திரையரங்கில் வெளியாகும் ஒவ்வொரு படத்துக்கும் மத்திய திரைப்படச் சான்றளிப்பு வாரியம் சான்றிதழ் வழங்குகிறது. நாம் பேச்சுவழக்கில் சென்சார் போர்டு என்று சொல்வது இதைத்தான். 'யு' என்றால் எல்லா வயதினரும் பார்க்கலாம். 'ஏ' என்றால் 18 வயது நிறைந்தவர்கள் மட்டுமே பார்க்கலாம். 'எஸ்' என்பது மருத்துவர் போன்ற குறிப்பிட்ட துறையினருக்கானது. அது நம் வழியில் குறுக்கிடாது.

கவனமாகப் பார்க்க வேண்டியது இவற்றுக்கு இடையில் இருக்கும் 'யுஏ' பிரிவை. முன்பு 12 வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்ற பொருளில் இது ஒரே பிரிவாக இருந்தது. 2023ஆம் ஆண்டு திரைப்படச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தமும், 2024இல் வந்த விதிகளும் இதை யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டன. எண்ணில் உள்ள வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பது அதன் பொருள். ஆகவே, அண்மையில் சான்றிதழ் பெற்ற படங்களில் இந்த எண்ணைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பழைய படமாக இருந்தால் வெறும் 'யுஏ' என்று மட்டுமே இருக்கும். அதற்குள் மென்மையான படமும் இருக்கும், கடுமையான படமும் இருக்கும் என்பதால், அப்படிப்பட்ட படங்களுக்கு நான்காம் படியில் சொல்லும் விசாரணையைத் தவறாமல் செய்ய வேண்டும்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். யுஏ 16+ என்று போட்டிருந்தால் 8 வயதுக் குழந்தையை வாசலில் நிறுத்திவிடுவார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி யாரும் நிறுத்துவதில்லை. 'ஏ' சான்றிதழ்தான் சட்டப்படியான தடை. யுஏ எண்கள் பெற்றோருக்குச் சொல்லப்படும் எச்சரிக்கை மட்டுமே. உடன் பெரியவர்கள் இருந்தால் குழந்தையை உள்ளே விடுவார்கள், டிக்கெட்டும் கொடுப்பார்கள், யாரும் ஒரு வார்த்தைகூடக் கேட்க மாட்டார்கள். முடிவு முழுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

சான்றிதழைப் பார்க்கும் இடங்கள் பல. டிக்கெட் முன்பதிவுச் செயலியில் படத்தின் பெயருக்குக் கீழே மொழி, நேரம் ஆகியவற்றோடு இதுவும் இருக்கும். சுவரொட்டியிலும் செய்தித்தாள் விளம்பரத்திலும் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். படம் தொடங்குவதற்கு முன்பு சான்றிதழே திரையில் வரும். ஆனால் அதுவரை காத்திருப்பது பயனற்றது, ஏனெனில் அப்போது நீங்கள் பணம் கட்டி இருக்கையில் உட்கார்ந்திருப்பீர்கள்.

முன்னோட்டத்தில் 'யு' என்று வந்தால், அது அந்த முன்னோட்டத்துக்கு வழங்கிய சான்றிதழ் என்பதை நினைவில் வையுங்கள். முழுப் படத்துக்குத் தனிச் சான்றிதழ் உண்டு. அதேபோல, மொழிமாற்றுப் படங்களுக்கு ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாகச் சான்றிதழ் பெற வேண்டும். தெலுங்குப் பதிப்பைப் பார்த்த உறவினர் சொன்னதை வைத்துக்கொண்டு தமிழ்ப் பதிப்பும் அப்படியே இருக்கும் என்று உறுதி கொள்ளாதீர்கள். வசனம் மாறினால் படத்தின் தரமும் மாறும், அதிலும் நகைச்சுவைக் காட்சிகளில் மிகவும் மாறும்.

3. சான்றிதழ் சொல்லாதவற்றைத் தேடுங்கள்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நான் நம்புகிறேன். சான்றிதழ் இரத்தம், ஆபாசம், வன்முறை, போதை போன்றவற்றை எடை போடுகிறது. ஆனால் நம் வீட்டுக் குழந்தை ஒரு படத்திலிருந்து எடுத்துக்கொண்டு வருவது அவற்றை மட்டும் இல்லை.

ஒருமுறை 'யு' சான்றிதழ் பெற்ற ஒரு நகைச்சுவைப் படத்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். ஒரு சொட்டு இரத்தம் இல்லை. ஆனால் படம் முழுவதும் குண்டான ஒரு பெண்ணை எல்லோரும் கேலி செய்துகொண்டே இருந்தார்கள், அரங்கம் சிரிப்பதற்கென்றே அந்தக் காட்சிகளை வைத்திருந்தார்கள். மறுநாள் மகள் தன் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியை அதே பட்டப்பெயர் சொல்லி அழைத்தாள் என்று பள்ளியிலிருந்து எனக்குச் செய்தி வந்தது. அந்தச் சிறுமியின் வீட்டுக்கு மகளை அழைத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டு வந்தோம். அன்றிரவுதான் என் தாளின் பின்பக்கத்தில் இன்னொரு பட்டியலை எழுதத் தொடங்கினேன்.

அந்தப் பட்டியலில் இருப்பவை இவை. உடல் பருமன், நிறம், வழுக்கை, மாற்றுத்திறன், பேச்சுக் குறை ஆகியவற்றை வைத்துச் சிரிக்க வைப்பது. விருப்பமில்லை என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே சுற்றி, மிரட்டி, கடைசியில் அதையே காதல் என்று முடிப்பது. 14 வயது மகன் இருக்கும் வீட்டில் கத்திச் சண்டையைவிட இதையே நான் அதிகம் அஞ்சுகிறேன். இரட்டை அர்த்த வசனம், குழந்தைக்குப் புரியாது என்று நாம் எண்ணுவோம், ஆனால் "ஏம்மா எல்லாரும் சிரிக்கிறாங்க?" என்று அவள் கேட்கும்போது நம்மிடம் பதில் இருக்காது. மனைவியை அறைவதை வீரமாகவோ உரிமையாகவோ காட்டுவது. ஒரு சாதியையோ மதத்தையோ சேர்ந்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்பதுபோலக் கதையை அமைப்பது. திருநங்கைகளைக் கேலிப் பொருளாக்குவது.

பழைய படம் என்றாலே குடும்பப் படம் என்று நம்புவதும் ஆபத்தானது. நம் சிறு வயதில் ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்த படங்களை இப்போது குழந்தைகளோடு உட்கார்ந்து பார்த்தால், வில்லன் பெண்ணைத் துரத்தும் காட்சியும் மேலே சொன்ன கேலிகளும் எத்தனை படங்களில் இருக்கின்றன என்று தெரியும்.

இவை இருந்தால் அந்தப் படத்தையே தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வளர்ந்த பிள்ளையோடு பார்த்துவிட்டு, அந்தக் காட்சியைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். என் மகனோடு அப்படிப் பேசிய இரண்டு மூன்று மாலைகள் எனக்கு மிகவும் பயனுள்ளவையாக இருந்தன. ஆனால் அதற்கு அந்தக் காட்சி வரப்போகிறது என்பது நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

புகையிலைக் காட்சிகளைக் கண்டுகொள்ள ஓர் எளிய வழி உண்டு. புகைபிடிக்கும் காட்சி உள்ள படத்தில் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பின்பும் எச்சரிக்கைப் படம் போட வேண்டும், காட்சியின்போது திரையின் அடியில் எச்சரிக்கை வாசகமும் வர வேண்டும். 2023 செப்டம்பர் முதல் இந்த விதி, இணையம் வழியாக வீட்டிலேயே படம் பார்க்க உதவும் நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஓடிடி தளங்களுக்கும் பொருந்தும்.

4. படத்தைப் பற்றி விசாரியுங்கள். கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

'படம் எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'சூப்பர்' என்றோ 'ஒரு தடவை பார்க்கலாம்' என்றோ பதில் வரும். அது நமக்குப் பயன்படாது. படம் பார்த்துவிட்டு வந்தவரிடம், 'எட்டு வயதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு போகலாமா, எந்தெந்த இடத்தில் அவள் கண்ணை மூட வேண்டியிருக்கும், உங்கள் அம்மாவோடு உட்கார்ந்து பார்ப்பீர்களா?' என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் எல்லோரும் யோசித்துதான் பதில் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் குழந்தை வைத்திருக்கும் மூன்று வீட்டாரோடு இதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். முதலில் பார்ப்பவர் மற்றவர்களுக்கு நான்கு வரி எழுத வேண்டும் என்பது மட்டுமே அதில் விதி.

இணையத்தில், திரைப்படத் தகவல்களைத் தொகுத்துத் தரும் ஐஎம்டிபி தளத்தில் பெரும்பாலான படங்களுக்குப் பெற்றோருக்கான வழிகாட்டிப் பக்கம் ஒன்று உண்டு. பாலியல் காட்சி, வன்முறை, கெட்ட வார்த்தை, மது புகை போதை, அச்சமூட்டும் காட்சி என்று ஐந்து தலைப்புகளில், எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தவர்களே எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஹாலிவுட் படங்களுக்கும் பெரிய நடிகர்களின் தமிழ்ப் படங்களுக்கும் இது நன்றாக உதவுகிறது. சிறிய தமிழ்ப் படங்களுக்கு அந்தப் பக்கம் காலியாகவே கிடக்கும். காலியாக இருப்பதைப் பார்த்து 'ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், யாரும் இன்னும் எழுதவில்லை என்பதே அதன் பொருள். கதை முடிவும் அங்கே வெளிப்பட்டுவிடும் என்பதால், வீட்டில் ஒருவர் மட்டும் படித்தால் போதும்.

'குடும்பத்தோடு கொண்டாட வேண்டிய படம்' என்று விளம்பரத்தில் வரும் வரியைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது விற்பவர் எழுதும் வரி. ஹாலிவுட் படங்களுக்கு அமெரிக்க முறையில் பிஜி, பிஜி-13, ஆர் என்றெல்லாம் குறிப்பிட்டிருப்பார்கள். நம் ஊரில் வெளியாகும்போது அவற்றுக்கும் நம் வாரியத்தின் சான்றிதழ் தனியாக உண்டு, அதையே பாருங்கள். கேலிச்சித்திரம்போல இருப்பதால் எல்லா அனிமேஷன் படங்களும் குழந்தைகளுக்கானவை என்றும் எண்ணிவிடாதீர்கள். பெரியவர்களுக்கென்றே எடுக்கப்பட்ட அனிமேஷன் படங்கள் நிறைய இருக்கின்றன.

படம் வெளியான முதல் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்களைத் தவிர்த்துவிட்டு அடுத்த வாரம் செல்வது எல்லா வகையிலும் நல்லது. அதற்குள் விசாரிக்க ஆள் கிடைப்பார், கூட்டம் குறையும், விசில் சத்தம் அடங்கும், விரும்பிய இடத்தில் இருக்கை கிடைக்கும்.

5. திரையரங்கில் பார்ப்பதானால்

கடலூரில் இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன: உள்ளூர் அரங்கு, அல்லது ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுச்சேரி. குழந்தைகள் பெரிய அரங்கையும் வணிக வளாகத்தையும் விரும்புவார்கள். ஆனால் கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று வரிசையாகக் கடந்து, மரப்பாலம் சிக்னலில் நின்று போய்ச் சேர்வதற்கு வார இறுதியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. படம் இரண்டரை மணி நேரம் என்றால், மொத்தம் ஐந்து மணி நேரம் வீட்டை விட்டு வெளியே இருப்பீர்கள். சிறு குழந்தையும் முதியவரும் உடன் வந்தால் காலைக் காட்சியையோ பிற்பகல் காட்சியையோ மட்டுமே தேர்ந்தெடுங்கள். சனி, ஞாயிறு இரவில் புதுச்சேரியிலிருந்து கிளம்பும் கடைசிப் பேருந்துகளில் குடித்துவிட்டு ஏறுபவர்களும் இருப்பார்கள். குழந்தைகளோடு அதில் நின்றுகொண்டு வருவது நல்ல அனுபவமாக இருக்காது. படத்தின் நேரம் முன்பதிவுச் செயலியிலேயே இருக்கும், முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்.

செலவைக் கணக்கிடும்போது டிக்கெட் விலையை மட்டும் பார்க்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 5 சதவீதமும் அதற்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதமும் ஜிஎஸ்டி. இணையத்தில் பதிவு செய்தால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனித்தனியாக முன்பதிவுக் கட்டணம் சேரும், அந்தக் கட்டணத்துக்கும் வரி உண்டு. ஐந்து பேருக்குப் பதிவு செய்தால் இந்தக் கட்டணமே ஒரு டிக்கெட் விலைக்கு நெருக்கமாக வந்துவிடுகிறது. உள்ளூர் அரங்கில் வார நாட்களில் கவுன்ட்டரில் நேரில் வாங்கினால் இது மிச்சம். குழந்தைக்கு 3 வயது முடிந்துவிட்டால் பெரும்பாலான அரங்குகளில் முழு டிக்கெட் வாங்க வேண்டும். மடியில் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி வாசலில் வாதாடிப் பயனில்லை.

ஆவணம் என்று பார்த்தால், 'ஏ' படத்துக்கு மட்டுமே வயதைக் காட்டும் அடையாள அட்டை கேட்பார்கள். குடும்பத்தோடு போகும் நமக்கு அது தேவைப்படாது என்று தோன்றும். ஆனால் செயலியில் அவசரமாக அழுத்தும்போது 'ஏ' படத்துக்குப் பதிவு செய்துவிட்டு, வாசலில் பிள்ளைகளோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'இது 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்' என்று செயலி கேட்கும்போது படிக்காமலேயே சரி என்று அழுத்தியிருப்பார்கள். அந்தப் பணம் திரும்ப வருவது கடினம். பணம் செலுத்துவதற்கு முன்பு ரத்து செய்ய முடியுமா, எவ்வளவு நேரத்துக்கு முன்பு வரை முடியும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருக்கையைப் பின்வரிசையில், நடைபாதையை ஒட்டிய ஓரத்தில் எடுங்கள். குழந்தை பயந்தாலோ முதியவருக்குக் கழிவறை செல்ல வேண்டியிருந்தாலோ யாருடைய காலையும் மிதிக்காமல் எழுந்து வரலாம். முன்வரிசையில் ஒலியும் படத்தின் அளவும் சிறு குழந்தையை மிரள வைக்கும்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள். பிடித்த காட்சியைக் கைப்பேசியில் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது விளையாட்டு என்று அவர்கள் எண்ணுகிறார்கள். திரையரங்கில் படத்தைப் பதிவு செய்வது 2023 திருத்தத்தின்படி குறைந்தது 3 மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கத்தக்க குற்றம்.

6. வீட்டில் பார்ப்பதானால்

செலவு குறைவு, நிறுத்தவும் தாண்டவும் முடியும் என்பதால், 10 வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதுவே சிறந்த வழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பொறிகள் இங்கேதான் அதிகம்.

ஓடிடி தளத்துக்கென்றே எடுக்கப்படும் படங்களும் தொடர்களும் சான்றளிப்பு வாரியத்துக்குச் செல்வதில்லை. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்தந்தத் தளமே யு, யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+, ஏ என்று வகைப்படுத்தி, எதனால் அந்த வகை என்பதையும் சில சொற்களில் குறிப்பிட வேண்டும். படம் தொடங்கும்போது இடது மூலையில் சில நொடிகள் வந்து மறையும் அந்தச் சொற்களைப் படிக்கப் பழகுங்கள். எண்ணைவிடச் சொற்கள் அதிகம் சொல்கின்றன: 'வன்முறை' என்று இருப்பதும் 'கெட்ட வார்த்தைகள்' என்று இருப்பதும் உங்கள் தாளில் உள்ள வெவ்வேறு ஆட்களைப் பாதிப்பவை.

தொலைக்காட்சியில் பார்த்த படம்தானே என்று நம்பி ஓடிடியில் போடாதீர்கள். 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தைத் தொலைக்காட்சியில் காட்ட வேண்டுமானால் வெட்டி, மாற்றி, மறுபடி சான்றிதழ் பெற வேண்டும். ஓடிடியில் அதே படம் வெட்டப்படாமல் இருக்கலாம். பொங்கலன்று மாமியாரோடு இதில் மாட்டிக்கொண்டு, தொலையியக்கியைத் தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பூட்டு போடும் வேலைக்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். யுஏ 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டும் வசதியைத் தளங்கள் கொடுத்தே ஆக வேண்டும். நாம்தான் அதைப் போடுவதில்லை. முதலில் குழந்தைக்கென்று தனிப் புரொஃபைல் திறந்து, வயது வரம்பைக் குறைத்து வையுங்கள். அடுத்து, பெரியவர்களின் புரொஃபைலுக்குக் கட்டாயம் பின் எண் போடுங்கள். பலர் முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். குழந்தை ஒரு பட்டனை அழுத்தி அப்பாவின் புரொஃபைலுக்குள் போய்விடும். பிறந்த ஆண்டு, வண்டி எண், கைப்பேசியின் பின் எண் எதையும் வைக்காதீர்கள், அவை பிள்ளைகளுக்கு மனப்பாடம். நெட்ஃபிளிக்ஸில் குறிப்பிட்ட படத்தை மட்டும் பெயர் கொடுத்து மறைக்கவும் முடியும், தேடும்போது முன்னோட்டம் தானாக ஓடுவதை நிறுத்தவும் முடியும். இந்த இரண்டாவதை உடனே செய்யுங்கள். நல்ல படத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பேய்ப் படத்தின் முன்னோட்டம் சத்தத்தோடு ஓடி, படம் தொடங்கும் முன்பே குழந்தை அழுத வீடு எங்களுடையது. கேபிள் செட்டாப் பாக்ஸிலும் பூட்டு வசதி இருக்கிறது. தொடக்கப் பின் எண் பெரும்பாலும் 0000 அல்லது 1234 என்பதால் அதை மாற்றிவிடுங்கள்.

இதற்குப் பிறகு நான் செய்யும் வேலைதான் மிகவும் பலன் தந்தது. சனிக்கிழமை குடும்பத்தோடு பார்க்கப் போகும் படத்தை வெள்ளிக்கிழமை இரவு, குழந்தைகள் தூங்கிய பிறகு, நானோ கணவரோ பத்து நொடி தாண்டும் பட்டனை அழுத்தியபடி ஓட்டிப் பார்த்துவிடுகிறோம். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். இசை கனத்து ஒலிக்கும் இடத்திலும் இருட்டான காட்சியிலும் மட்டும் நிறுத்திப் பார்த்து, '48ஆவது நிமிடம், இரண்டு நிமிடம் தாண்டவும்' என்று நோட்டில் எழுதிக்கொள்கிறோம். படத்தின் பெயர், ஆண்டு, சான்றிதழ், நேரம், எந்தத் தளம், யாருக்குப் பிடித்தது என்பதையும் அதே வரியில் எழுதுகிறோம். ஓர் ஆண்டில் நாற்பது படங்களுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. அந்தப் பட்டியலை நான் இங்கே தராததற்குக் காரணம் உண்டு: என் வீட்டு எட்டு வயதுக்குச் சரியாக இருந்த படம் உங்கள் வீட்டு எட்டு வயதுக்குச் சரியாக இருக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது.

திருட்டுப் பிரதி இணையதளங்களின் பக்கம் போகவே வேண்டாம். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, அங்கே சான்றிதழும் இல்லை, பூட்டும் இல்லை. படத்தைத் திறப்பதற்குள் குழந்தையின் கண்முன் வரும் விளம்பரங்கள் எந்தப் படத்தைவிடவும் மோசமானவை.

7. தேடக்கூடிய மற்ற இடங்கள்

புதுச்சேரியில் இருப்பது இதற்கு ஒரு வரம். சுஃப்ரேன் வீதியில் உள்ள பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸில் படங்கள் திரையிடுகிறார்கள். அரசு சார்பில் நடக்கும் இந்தியத் திரைப்பட விழாவில் சிறந்த தமிழ்ப் படத்துக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருது வழங்குகிறார்கள். ஆரோவில் டவுன்ஹாலில் உள்ள சினிமா பாரடிசோ என்ற திரையிடும் அரங்கு வாரந்தோறும் படப் பட்டியல் வெளியிடுகிறது. இவற்றில் திரையிடப்படுபவை எல்லாமே குழந்தைகளுக்கானவை என்று எண்ணிச் செல்லாமல், எந்த வயதினருக்கானது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரை படிக்கும் மாணவர்களுக்கு 2022 முதல் சிறார் திரைப்பட விழா என்ற பெயரில் படங்கள் திரையிடப்படுகின்றன. உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் என்ன படம் போட்டார்கள் என்று கேட்டு, அதை வீட்டிலும் எல்லோரும் பாருங்கள். தேசிய விருதுகளில் சிறந்த சிறுவர் படம் என்று தேர்வானவற்றின் பட்டியலும் நல்ல தொடக்கம்.

8. தவறாகிவிட்டால் செய்ய வேண்டியவை

படம் தொடங்குவதற்கு முன்பே குழந்தையிடம் ஒரு சைகையைச் சொல்லி வையுங்கள். என் மகள் என் மணிக்கட்டை இரண்டு முறை அழுத்தினால் நாங்கள் இருவரும் எழுந்து வெளியே போய்விடுவோம். ஏன் என்று அங்கே கேட்க மாட்டேன். பணம் கொடுத்துவிட்டோமே என்று கடைசி வரை உட்கார்ந்திருக்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு, 'அது வெறும் படம்தானே' என்று சொல்லி வாயை மூடாமல், எந்த இடத்தில் பயமாக இருந்தது என்று அவளே சொல்லும்படி விடுங்கள். அந்த இரத்தம் எப்படிச் செய்யப்படுகிறது, நடித்தவர் இப்போது நலமாக வீட்டில் இருக்கிறார் என்பதை விளக்கிய பிறகுதான் என் மகள் விளக்கை அணைக்கச் சம்மதித்தாள்.

ஓடிடி தளம் குறைந்த வயதுக்கு வகைப்படுத்திய படத்தில் கடுமையான காட்சி இருந்தால் புகார் கொடுங்கள், அதற்குச் செலவில்லை. ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரின் விவரத்தைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். படத்தின் பெயர், தளம் காட்டிய வகை, காட்சி வரும் நிமிடம், உங்கள் குழந்தையின் வயது ஆகிய நான்கையும் எழுதி, வகையைக் காட்டும் திரைப்பிடிப்பை இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். புகார் கிடைத்ததற்கான ஒப்புகை 24 மணி நேரத்துக்குள்ளும் முடிவு 15 நாட்களுக்குள்ளும் வர வேண்டும். வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், அந்தத் தளம் உறுப்பினராக உள்ள சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். அதற்கு முதல் மின்னஞ்சலும் ஒப்புகையும் தேவைப்படும் என்பதால், அவற்றை அழிக்காமல் வைத்திருங்கள்.